தரங்கம்பாடியில் ஒரு டபுள் ரூம்

1

எல்வின் விடிகிற நேரத்துக்கு எழுந்திருப்பான். பல் துலக்குவான். மோட்டார் போடுவான். பாலைக் காய்ச்சி, காப்பி கலந்து, அடுப்படியில் நின்றபடியே குடிப்பான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வாசல் கதவைத் திறந்து, செருப்பு கிடக்கிறதா என்று பார்ப்பான். கிடக்காது. முந்தின நாள் சாயங்காலமே அதை உள்ளே எடுத்து வைத்திருப்பான். அப்படியும் வாசலைப் பார்ப்பான். பிறகு கதவுக்குப் பின்னால் பார்ப்பான். அங்கே இருக்கும். மோட்டாரை நிறுத்துவான். குளிப்பான். பழைய சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிடுவான். வீட்டைப் பூட்டுவான். பூட்டை இழுத்துப் பார்ப்பான். வேலைக்குப் போவான்.

[இது மூன்றாவது ஆரம்பம். முதல் ஆரம்பம் "அன்று கடல் மௌனமாக இருந்தது" என்று இருந்தது. எழுதுகிறவன் பிறந்ததிலிருந்து கடலுக்கு ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறான். அது மௌனமாக இருந்து அவன் பார்த்ததில்லை. அடித்துவிட்டான். இரண்டாவது ஆரம்பத்தில் "நான்" என்ற ஒரே சொல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அதையும் அடித்துவிட்டு எல்வின் என்று ஒருவனைப் போட்டான்.]

நீங்கள் விவரமானவர்கள். எழுதுகிறவனும் எல்வினும் ஒரே ஆள்தானே என்று கேட்பீர்கள். ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இருக்கிற சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். அதற்கு மேல் சம்பந்தமில்லை. எல்வின் வாயைத் திறக்கமாட்டான். எழுதுகிறவனுக்கு வாய் மூடாது.

கதை பிறந்த இடத்தைச் சொல்லிவிட வேண்டும். மற்றவர்களுக்குக் கதை கனவில் வரும், ரயிலில் வரும். இது மன்னார்குடியில் ஒரு கல் வெட்டுகிறவரின் பட்டறையில் வந்தது. கறுப்புக் கல். மேலே சிலுவை. அதன் கீழே ஷீபாவின் பெயர், பிறப்பு, இறப்பு. அதற்கும் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டு, "துயருறும் கணவர், தாயார்" என்று முடித்திருந்தார். காலி இடத்தை உளியால் தட்டிக் காட்டினார்.

"இதுல என்னா போடட்டும்?"

"கேட்டுச் சொல்றேன்" என்றான் எல்வின்.

யாரைக் கேட்பான்? தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

2

ஷீபா எல்வினின் மனைவி. மயிலாடுதுறையில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். ஆர்.சி. குடும்பம். எல்வின் லுத்தரன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவனுடைய கோயிலுக்கு வந்தாள். இதை அவளுடைய அம்மா செபஸ்தியம்மாளால் கடைசிவரை செரிக்க முடியவில்லை. "பூசை இல்ல, மாதா இல்ல. ஞாயித்துக்கிழமையானா பாட்டுப் பாடிட்டு வர்றா. அதுக்கு ரேடியோ பொட்டி போதாது?" என்பார்.

எல்வின் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டேலி சொல்லிக்கொடுக்கிறான். அவனிடம் படிக்கிறவர்கள் எல்லாம் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகிறார்கள். விசா வந்ததும் ஸ்வீட் பாக்கெட்டோடு வந்து, "எல்லாம் உங்களாலதான் சார்" என்பார்கள். சார் அதே நாற்காலியில் இருப்பார். சென்டரில் ஏ.சி. அறை ஒன்று. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று எல்லோரும் செருப்பை வெளியே விடுவார்கள். எல்வின் மட்டும் தன் செருப்பை ஒரு பாலிதீன் பையில் போட்டு உள்ளே கொண்டுபோய் மேஜைக்கு அடியில் வைத்துக்கொள்வான். "என்ன சார், தங்கத்துல செஞ்சதா?" என்று முதலாளி ஒருமுறை கேட்டார். எல்வின் டேலியில் ஒரு பதிவைத் திருத்திக்கொண்டிருந்தான். திருத்தி முடித்தான்.

கதைக்கு இன்னொரு வேர் உண்டு. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் ஒரு வெள்ளைக்கார ஜோடி, முதுகில் மூட்டையோடு, தரங்கம்பாடி பஸ்ஸுக்கு வழி தெரியாமல் நின்றிருக்கிறது. ஷீபாதான் ஏற்றிவிட்டாள். ஏற்றிவிட்டு, முகமெல்லாம் வெளிச்சமாக வீட்டுக்கு வந்தாள்.

"நாமளும் அந்த மாதிரி போவோங்க. ஒரே ஒரு பை. சொந்தக்காரங்க வீடு வேணாம். சீப்பா ஒரு ரூம். யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

"தரங்கம்பாடிக்கா? அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லியாம். அதுக்குத்தான் போறாங்களாம்."

போகவில்லை. பக்கத்தில் இருக்கிற ஊருக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று இருந்தார்கள்.

இரண்டாயிரம் பிறக்கும்போது உலகத்திலுள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் செத்துவிடும் என்று எல்வின் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தான். ஒன்றும் சாகவில்லை. அந்த ஆடியில் ஷீபாவுக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தபோதுகூட அவள் நர்சோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள். அதற்கு அடுத்த நாள் —

[இந்த வாக்கியம் இவ்வளவுதான்.]

செபஸ்தியம்மாள் அன்று வேளாங்கண்ணியில் இருந்தார். மகளுக்காக மெழுகுவத்தி ஏற்றப் போயிருந்தார். ஆகவே கட்டில் பக்கத்தில் இருந்தது எல்வின் ஒருவன்தான். வீட்டுக்கு வந்து ஆம்புலன்ஸிலிருந்து வெறுங்காலோடு இறங்கினான். அடக்கத்துக்கும் வெறுங்காலோடு நடந்தான். பார்த்தவர்கள், "பையன் உள்ளுக்குள்ள ஒடைஞ்சு போயிட்டான்" என்று பேசிக்கொண்டார்கள். செருப்பு தொலைந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

பெட்டியை மூடுவதற்கு முன் செபஸ்தியம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா என்ன சொன்னா மாப்ள? மாதாவக் கூப்புட்டாளா?"

"ஒண்ணும் சொல்லல அத்தை."

"அவ வாய மூடி இருந்தவளே இல்லியே."

அது சரிதான்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் மன்னார்குடியிலிருந்து போன் வரும். சாப்பிட்டீங்களா என்று கேட்பார். மழை உண்டா என்று கேட்பார். பிறகு அதைக் கேட்பார். மகள் சாகும்போது எந்தக் கோயில்காரியாகச் செத்தாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். மாதாவைக் கூப்பிட்டிருந்தால் கல்லில் அதை வெட்டலாம். கூப்பிடாமல் வேறெதையாவது சொல்லியிருந்து, அதை மாப்பிள்ளை தனக்காக மறைக்கிறார் என்றால், அதையும் தெரிந்துகொண்டு, அதையே வெட்டிவிடலாம். "எதுவா இருந்தாலும் அவ சொன்னதுதான் கல்லுல இருக்கணும் மாப்ள. நம்ம சொன்னது வேணாம்." வருசப் பூசை நெருங்கிக்கொண்டிருந்தது. கல் பட்டறையில் கிடந்தது.

எல்வின் ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, ஒரே ஒரு பையோடு தரங்கம்பாடிக்குப் பஸ் ஏறினான்.

ஏன் என்று கேட்காதீர்கள். ஒரு நல்ல கதாசிரியன் இங்கே காரணம் வைத்திருப்பான்.

3

பயண இலக்கியம் எழுத எல்வினுக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. தொப்பி வாங்கியிருந்தான். தண்ணீர் பாட்டில் வைத்திருந்தான். பையை முதுகில் மாட்டிக்கொண்டான். பள்ளிக்கூடப் பை போலத்தான் இருந்தது.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணத்துக்குப் போகிற ஒரு கும்பல் ஏறியிருந்தது. மணமகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கண்டக்டரோடு சண்டை போட்டார். மணமகள் பட்டுப்புடவையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எல்வினைப் பார்த்து நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?"

"ஆயிடுச்சுங்க."

"அப்ப நீங்களும் அறுவது வயசானதும் இங்க வந்து கட்டிக்கணும். என்னா?"

"சரிங்க."

வெளியே செம்பனார்கோயில் போனது. ஆக்கூர் போனது. வாய்க்காலில் இன்னும் தண்ணீர் வரவில்லை. வயலில் ஆடுகள் நின்றன. [இங்கே வயலைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. நிலம் காத்திருக்கிறது, அவனும் காத்திருக்கிறான் என்று போனது. நிலம் தண்ணீருக்குக் காத்திருந்தது. அவன் எதற்கும் காத்திருக்கவில்லை. நீக்கப்பட்டது.]

தரங்கம்பாடியில் இறங்கி, டீக்கடையில் ஒரு டீ சொன்னான். பயணிகள் அப்படித்தான் செய்வார்கள் என்று கேள்வி.

"யாரு வீட்டுக்கு?" என்றார் டீக்கடைக்காரர்.

"யாரு வீட்டுக்கும் இல்லைங்க. சும்மா, சுத்திப் பாக்கலாம்னு."

"எதை?"

எல்வின் கடல் இருக்கிற பக்கமாகக் கையைக் காட்டினான். அவர் திரும்பிப் பார்த்தார். புதிதாக எதுவும் வந்திருக்கிறதா என்று பார்த்த மாதிரி இருந்தது.

"எறால் பண்ணைக்கு நெலம் பாக்க வந்தீங்களா?"

"இல்லைங்க."

"ஸ்கூல்ல வேலைக்கு?"

"இல்லைங்க."

"பொண்ணு பாக்கவா?"

எல்வின் டீயைக் குடித்து முடித்தான். வெள்ளைக்காரனுக்கு இந்தத் தொந்தரவு இல்லை. அவன் எந்த ஊரில் இறங்கினாலும் சும்மாதான் வந்திருப்பான் என்று எல்லோருக்கும் தெரியும். காவிரிப் படுகையில் பிறந்த ஒருவன் பக்கத்து ஊருக்குச் சும்மா வர முடியாது. யாராவது செத்திருக்க வேண்டும். அல்லது யாருக்காவது கல்யாணம் இருக்க வேண்டும்.

4

மீனவர் தெருவின் முனையில் ஒரு மாடி வீட்டுச் சுவரில் இங்கிலீஷில் "ரூம்" என்று பெயின்டில் எழுதியிருந்தது. கீழ்வீடு பழைய ஓட்டு வீடு. மாடி மட்டும் புதிது, ரோஸ் நிறம். சிங்கப்பூர்ப் பணம் என்று சுவரே சொன்னது. வாசலில் ஓர் அம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். பெயர் தனபாக்கியம். மகன் வெற்றிசெல்வன் சிங்கப்பூரில் கட்டட வேலை. வெள்ளைக்காரர்கள் வந்து தங்கட்டும் என்று அவன்தான் மாடி எடுக்கச் சொல்லியிருக்கிறான். இதையெல்லாம் எல்வின் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றுவதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"எத்தினி பேரு?"

"ஒருத்தர்தான்."

கருவாட்டின் மேலிருந்த கை நின்றது.

"தனியா வர்ற ஆம்பளைக்கு ரூம் வுடறதில்ல தம்பி. தப்பா நெனச்சுக்காதீங்க. கடலு பக்கத்துல இருக்கு."

"எனக்கு நீச்சல் தெரியும்."

"தெரிஞ்சவன்தான் போன தடவ போனான்."

[எழுதுகிறவன் இங்கே எல்வினைத் திருப்பி அனுப்பப் பார்த்தான். பஸ் ஏறி வீட்டுக்குப் போகட்டும். கதை இத்தோடு முடியட்டும். 'ஒரு மனிதன் கடலைப் பார்க்காமல் திரும்பினான்' என்று ஒரு பத்திரிகைக்கு அனுப்பலாம். ஆனால் வருஷம் முழுக்க வாயைத் திறக்காத எல்வின், யாரும் எதிர்பார்க்காத இடத்தில் வாயைத் திறந்தான்.]

"வொய்ஃப் அடுத்த பஸ்ல வர்றாங்க."

தனபாக்கியத்தின் முகம் மாறிவிட்டது. "அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? வாங்க, வாங்க. மேல போங்க. ரெண்டு பேருக்கும் சாப்பாடு இங்கதான். பேரென்ன பொண்ணுக்கு?"

"ஷீபா."

"நல்ல பேரு. செருப்ப ஏன் கையில தூக்கிட்டுப் போறீங்க? இங்கயே வுடுங்க, யாரும் எடுக்க மாட்டாங்க."

எல்வின் செருப்போடு படியேறினான்.

அறையில் டபுள் கட்டில். இரண்டு தலையணை. ஒன்றில் "ஸ்வீட் டிரீம்ஸ்" என்று இங்கிலீஷில் பூவேலை, மற்றதில் ஒன்றும் இல்லை. எல்வின் ஒன்றும் இல்லாததன் பக்கம் உட்கார்ந்தான்.

5

அவன் பார்த்தவை: கோட்டை. கோட்டைச் சுவரில் காதலர் பெயர்கள். கடல் பாதி தின்றுவிட்ட ஒரு சிவன் கோயில்.* படகு நிழலில் வலை கோர்க்கிறவர்கள். மணல்.

* இந்தக் கோயிலை உவமையாக்கச் சொல்லி எழுதுகிறவனுக்குக் கை அரிக்கிறது. அவன் கையைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

மணலில் ஒரு சௌகரியம் இருந்தது. அங்கே எல்லோருமே செருப்பைக் கையில் வைத்திருந்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு எல்வின் நாலு பேரைப் போல இருந்தான். அலை வந்து காலை நனைத்தது. சுகமாக இருந்தது என்று எழுத வேண்டும். ஈரமாக இருந்தது.

ஒன்றும் இல்லை என்று அவள் சொன்னது உண்மைதான். பார்க்க ஒன்றுமே இல்லை. நடக்க ஒரு தெரு, அதன் முடிவில் தண்ணீர். யாருக்கும் எங்கும் போகிற அவசரம் இல்லை. இதை அவள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எல்வின் யோசித்தான். நிறையச் சொல்லியிருப்பாள். அதுதான் தெரிந்தது, என்ன என்று தெரியவில்லை.

மத்தியானம் தனபாக்கியம் இரண்டு இலை போட்டாள்.

முதல் பிரதியில் தனபாக்கியம் ரொம்ப நல்லவளாக இருந்தாள். கடலைப் பார்த்தபடி வாழ்க்கையைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னாள். எழுதுகிறவனுக்கே கண் கலங்கிவிட்டது. அதனால் சந்தேகம் வந்து, அவள் அன்று கடலைப் பார்த்துச் சொன்னது என்ன என்று ஞாபகப்படுத்திப் பார்த்தான். "வெந்நி வேணும்னா முன்னாடியே சொல்லிடணும், கெரோசின் இல்ல" என்றுதான் சொன்னாள்.

"பஸ்ஸு வந்துட்டுப் போயிடுச்சே, பொண்ணக் காணும்?"

"அடுத்ததுல வருவாங்க."

வறுத்த சங்கரா மீனில் ஒன்றை எல்வினுக்கு வைத்தாள். பெரியதை எடுத்து மற்ற இலையில் வைத்து, இன்னொரு இலையால் மூடினாள். எல்வின் சாப்பிட்டான். மூடியிருந்த இலையிலிருந்து வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த பஸ்ஸும் வந்துவிட்டுப் போனது. தனபாக்கியம் தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"சண்டையா?"

"இல்லக்கா."

"இல்லன்னா ஏன் தனித்தனி பஸ்ஸு? ஒரே ஊருலேர்ந்து வர்றவுங்க ஒண்ணா வர மாட்டாங்களா? நீங்க என்னமோ வாய வுட்டுட்டீங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

வாயை விட்டதாக எல்வின்மேல் இதுவரை யாரும் குற்றம் சாட்டியதில்லை.

"போங்க. போய் ஒரு போன் போட்டு, நான் செஞ்சது தப்புதான்னு சொல்லிடுங்க. ஆம்பள சொன்னா ஒண்ணும் கொறஞ்சுடாது. வெற்றிசெல்வன் அப்பாரு ஒரு தடவ சொன்னாரு. நல்லாத்தான் இருந்துச்சு."

6

எஸ்.டி.டி. பூத் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே. வைத்திருந்தவர் மீரா உசேன், எல்லோருக்கும் பாய். கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு ஸ்டூல், தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஓடுகிற மீட்டர். எல்வினுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் இரண்டுதான். ஒன்று வீடு.

அடித்தான். மணி போனது. கூடத்தில், ஜன்னலுக்குக் கீழே, ஸ்டூலின் மேல் அது எப்படி அடித்துக்கொண்டிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஸ்டூலின் மேல் அவள் பின்னிய துணி கிடக்கும். கண்ணாடிக்கு வெளியே பாய் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிறாரே என்றுதான் எல்வின் பேச ஆரம்பித்தான்.

"ஆங், நான்தான்... பஸ் கெடைக்கலையா... சரி... பரவால்ல... இல்ல இல்ல, அவசரமில்ல. மெதுவா வா."

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ரூம் நல்லா இருக்கு. கடல் தெரியுது. மீன் வச்சிருக்காங்க, பெருசா... ஆமா... நீ சொன்ன மாதிரிதான். ஒண்ணும் இல்ல இங்க."

வைத்துவிட்டு வெளியே வந்து சட்டைப் பைக்குள் கையை விட்டான்.

"பில்லே வரலியே தம்பி" என்றார் பாய், கொஞ்சம் கூச்சத்தோடு. "அந்தப் பக்கம் எடுத்தாத்தான் மீட்டரு ஓடும். நீங்க பேசுனீங்க, ஆனா ஓடல."

"லைன்ல ஏதாவது கோளாறா இருக்கும்."

"இருக்கும், இருக்கும்" என்றார் அவர், அவசரமாக. நீட்டிய காசை வாங்கவில்லை. "ஓடாத மீட்டருக்கு வாங்குனா ஹராம்."

[இந்த இடத்தில் எழுதுகிறவன் கொஞ்சம் சிரித்தான். அழாத ஆள் போன் கூண்டுக்குள் நின்று ஓடாத மீட்டரில் குடும்பம் நடத்தியதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. உங்களுக்கு வரவில்லையென்றால் பரவாயில்லை.]

எல்வின் அறைக்குத் திரும்பும் முன்பே செய்தி திரும்பிவிட்டது. சின்ன ஊர்களில் பஸ்ஸுக்குத்தான் தாமதம்.

"எடுக்கவே மாட்டேங்குதாமே!" என்று தனபாக்கியம் வாசலிலேயே வழிமறித்தாள். "அவ்வளவு கோவமா? எடுக்காத போன்ல மூச்சு வுடாம பேசினீங்களாம். பாயி கண்ணு தொடச்சுக்கிட்டு சொல்றாரு. பாவமா இருக்காதா எங்களுக்கு? வாங்க. நான் பேசுறேன்."

"வேணாங்கா."

"நீங்க பேசுனா எடுக்காது. பொம்பள கொரல் கேட்டா எடுக்கும். நடங்க."

7

பூத்தில் பாய் எழுந்து நின்றார். தனபாக்கியம் கூண்டுக்குள் நுழைந்து, ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, "அடிங்க நம்பர" என்றாள். கூண்டு இரண்டு பேருக்கு இல்லை. எல்வின் ஒரு கையில் செருப்போடு, கதவிடுக்கில் மறு கையை விட்டு நம்பரை அடித்தான்.

வீட்டு நம்பரை அடித்தால் மறுபடி மணிதான் அடிக்கும். அதை இன்னொரு தடவை கேட்க அவனால் முடியாது. மீதி இருந்தது இன்னொரு நம்பர். விரல் அதற்குப் போனது. மன்னார்குடி.

ஒரே மணியில் எடுத்துவிட்டார்கள். தலைக்கு மேலே மீட்டர் ஓட ஆரம்பித்தது. "ஓடுது, ஓடுது!" என்றார் பாய்.

"யம்மா, தாயி, போன வச்சுடாத" என்று தனபாக்கியம் ஊரே கேட்கிற மாதிரி தொடங்கினாள். "நான் தரங்கம்பாடியிலேர்ந்து பேசுறேன். ஒன் வூட்டுக்காரரு இங்க எங்க வூட்டுலதான் இருக்காரு. பித்துப் புடிச்ச மாதிரி செருப்பக் கையில வச்சுக்கிட்டு சுத்துறாரு. ஆம்பள, ஏதோ சொல்லிட்டாரு, மனசுல வச்சுக்காத. ஒனக்குன்னு மீனு எடுத்து மூடி வச்சிருக்கேன். கடைசி பஸ்ஸுக்கு வந்துடு தாயி."

அந்தப் பக்கம் என்னவோ கேட்டது.

"எல்வின் தம்பிதாம்மா. நீ ஷீபா பொண்ணுதான?"

தனபாக்கியம் கேட்டுக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கேட்டாள். கண்ணாடிக்குள்ளிருந்து எல்வினைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், பிறகு கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள். அந்தப் பார்வையை வர்ணிக்க எழுதுகிறவன் நாலு சொல் எழுதி நாலையும் அடித்துவிட்டான். பார்த்தாள்.

"ஆங்..." என்றாள் போனில், குரல் இறங்கிவிட்டது. "ஆங்... சாப்புட்டாரும்மா. மீனு சாப்புட்டாரு... இல்ல, இல்ல, அப்படி வுட்டுடுவேனா? கடலு பக்கம் வுட மாட்டேன். ராத்திரி கீழ் வூட்டுலயே பாய் போட்டுர்றேன்... நீங்க அழுவாதீங்க... ஆங்... கேக்குறேன்."

கூண்டைவிட்டு வெளியே வந்தாள். ரிசீவரை எல்வினிடம் நீட்டினாள்.

"ஒங்க அத்தை ஒண்ணு கேக்குறாங்க. ஒரு வருசமா கேக்குறாங்களாமே. என்னத்தப் பெருசா ஒளிச்சு வச்சிருக்க நீ? சொல்லிடு."

முதல்தடவையாக 'நீ' என்று சொன்னாள்.

எல்வின் உள்ளே போனான். செருப்பை ஸ்டூலுக்கு அடியில் வைத்தான்.

"மாப்ள" என்றார் செபஸ்தியம்மாள். "தரங்கம்பாடிக்குப் போவணும்னு எங்கிட்டயும் சொல்லியிருந்தா. யாருகிட்டயும் சொல்லாதம்மான்னு சொல்லித்தான் சொன்னா." மூக்கை உறிஞ்சினார். "கல்லுக்காரன் நாளைக்கு வர்றான். மாதாவக் கூப்புடலன்னா பரவால்ல. என்னையத் திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. என்ன சொன்னான்னு மட்டும் சொல்லுங்க."

8

எழுதுகிறவன் இங்கே எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். மோட்டார் போடாததால் குழாயில் வரவில்லை; குடத்திலிருந்து குடித்தான்.

அவன் கையில் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று, "மாதாவே" என்றாள். அத்தைக்கு நிம்மதி. கல்லில் ஒரு சொல்; அழகாக நடுவில் உட்காரும். எல்வினின் கோயில்காரர்கள் ஒரு வாரம் பேசிவிட்டு விட்டுவிடுவார்கள்.

இன்னொன்று, எல்வினின் கோயில் பாதிரி ஐயர் அடக்க ஆராதனையில் சொன்னது. சகோதரி பைபிளிலிருந்து ஒரு சங்கீத வசனத்தை முணுமுணுத்தபடி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்றார். அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. வசனத்தை மட்டும் சரியாகச் சொன்னார்.

மூன்றாவது எழுதுகிறவனுடைய சொந்தச் சரக்கு. "நம்ம தரங்கம்பாடிக்குப் போவோமாங்க?" என்று கேட்டாள். எவ்வளவு பொருத்தம். கதை தொடங்கிய இடத்திலேயே முடியும். நீங்கள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்ப்பீர்கள். எழுதுகிறவன் இதற்கு ஆசைப்பட்டான். ஒரு வாரம் இந்த முடிவோடு குடித்தனம் நடத்தினான். ஆனால் ஷீபா எந்தக் காலத்திலும் கதைக்குப் பொருத்தமாகப் பேசினவள் இல்லை. கண்ணீர் வருகிற இடத்தில் கறிவேப்பிலை வாங்கியாச்சா என்று கேட்பாள். அவளைத் திருத்துவதற்கு ஒரு பேனா போதாது.

அவள் சொன்னதைச் சொல்லிவிட்டால் அது மூன்றையும்விட மட்டமாக இருக்கும். கல்லில் வெட்ட லாயக்கில்லை. ஒரு தாய்க்குச் சொல்ல லாயக்கில்லை. அதனால்தான் ஒரு வருஷம் ஒன்றும் சொல்லவில்லை என்று எல்வின் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு முழு வருஷம் அதை யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாதபடி கதவுக்குப் பின்னால் வைத்திருந்தான்.

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாய் வேண்டுமென்றே ரோட்டைப் பார்த்தார். தனபாக்கியம் பார்க்காத மாதிரி பாவனைகூடச் செய்யவில்லை.

பிறகு நான் சொன்னேன்.

மருந்துக் கடைக்குப் போய்விட்டு வார்டுக்குள் வந்தேன் அத்தை, என்றேன். ஊசி மருந்தை நர்ஸிடம் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கண்ணைத் திறந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். ஒன்று சொன்னாள். அவள் சொன்னபடி வெளியே போனேன். வாசலில் அத்தனை ஜோடிக்கு நடுவில் தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. இல்லை என்று சொல்வதற்காக உள்ளே ஓடி வந்தேன். அதைக் கேட்க அவள் இல்லை.

அதைக் கேட்டு செபஸ்தியம்மாள் என்ன செய்தார், மறுநாள் கல்லில் என்ன வெட்டினார்கள், மூடி வைத்த மீனை யார் சாப்பிட்டார்கள் என்பதையெல்லாம் உங்களிடம் விட்டுவிடுகிறேன். அந்தக் காலி வரியில் நீங்கள் எதை வேண்டுமானாலும் போடலாம். நான் சண்டைக்கு வரமாட்டேன். அவள் சொன்னதில் மட்டும் கை வைக்காதீர்கள். அது இவ்வளவுதான்:

"செருப்ப வெளியிலயா வுட்டுட்டு வந்தீங்க? போய் எடுத்துட்டு வாங்க. எவனாவது மாட்டிக்கிட்டுப் போயிடப் போறான்."